பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கின் உயரத்தை இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில், சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பல வருடமாக வேலை முடிந்து வந்த பிறகும் சனி ஞாயிறும் அதில் உட்கார்ந்து பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். என் தங்கை ஒரு 2003 மாடல் ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் வாங்கினாள். அவள் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. வண்டியின் சீட் உயரம் 820 மில்லிமீட்டர். அதை அவளுக்குச் சரியாக இறக்கிக் கொடுக்க எனக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது. முதல் தடவை செய்தது தப்பு, அந்தத் தப்பில் அவள் எதிரே வந்த லாரியின் பக்கம் போய்விட்டாள். அதற்கப்புறம் பீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் இதே கேள்விகளோடு வருகிறார்கள், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கால் முழுதாகத் தரையில் படவில்லை. உடனே இறக்கிவிட வேண்டுமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இரண்டு குதிகாலும் தரையில் பட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இரண்டு முன்பாதமும் அழுத்தமாகப் பட்டால் போதும், அல்லது ஒரே ஒரு கால் முழுதாகப் பட்டாலும் போதும். ரோபோட்டில் (இங்கே சிக்னல் விளக்கை அப்படித்தான் சொல்வோம்) நிற்கும்போது இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தி, இடது காலை முழுதாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக் மேலேயே வைத்துக்கொள்ளப் பழகுங்கள். மேட்டில் நிற்கும்போது இது இன்னும் முக்கியம், இரண்டு காலையும் தரையில் வைத்துவிட்டால் பின் பிரேக்கை மிதிக்கக் கால் இருக்காது.

அடுத்து பூட்ஸ். பைக் பந்தயத்துக்கான மெல்லிய அடி உள்ள பூட்ஸுக்கும் கெட்டியான அடி உள்ள பூட்ஸுக்கும் நடுவே 15 மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒரு ஸ்பேனரையும் தொடாமல் கிடைக்கிற 15 மில்லிமீட்டர் அது. இதையெல்லாம் பார்த்த பிறகும் நெரிசலில் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பயமாக இருக்கிறதென்றால் இறக்கலாம், அதில் தப்பே இல்லை. உயரமானவர்கள் "பழகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 170 கிலோவுக்கு மேல் கனமான ஒன்று ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும்போது விரல் நுனி மட்டும் தரையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

சீட்டின் ஃபோமை வெட்டினால் போதாதா?

பல பேருக்குப் போதும், அதனால் முதலில் அதைச் செய்யச் சொல்வேன். சீட் உறையின் பின்களைப் பிடுங்கி, ஃபோமை மேலிருந்து 15 அல்லது 20 மில்லிமீட்டர் சீவி, மணல் தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, உறையைத் திரும்ப இழுத்து அடிக்கலாம். பலரும் கவனிக்காத இடம் சீட்டின் முன்பக்க ஓரங்கள். தொடை இறங்குகிற அந்த இடம் அகலமாக இருந்தால் கால் வெளிப்பக்கமாக வளைந்து போய்த்தான் தரையைத் தொடும், நேராக இறங்காது. அந்த ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கினால் உயரம் குறையாமலேயே கால் நன்றாக எட்டும். என் தங்கை வண்டியில் மேலே 15 மில்லிமீட்டர் எடுத்ததைவிட ஓரத்தைச் செதுக்கியதுதான் அவளுக்கு அதிகம் உதவியது.

ரொம்ப வெட்டிவிட்டால் அடித்தட்டு உறுத்தும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஒரு மணி நேரம் தாங்குவீர்கள், டிரேக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் போனால் தாங்காது.

பிரீலோடைத் தளர்த்தினாலே வண்டி இறங்குகிறதே, அது போதாதா?

இறங்கும், ஆனால் அதை இறக்குவதற்கான வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறோம் என்பதுதான் பிரீலோடு. அதைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாவதில்லை, நீங்கள் உட்காரும்போது வண்டி இன்னும் கீழே போய் உட்காருகிறது, அவ்வளவுதான். அப்புறம் பள்ளத்தில் விழும்போது மிச்சமிருக்கிற அசைவு போதாமல் ஷாக் (பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்குகிற ஸ்பிரிங் உள்ள குழாய்) அடியில் இடிக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்துச் சாலைகள் என்ன நிலைக்கு வந்தன என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. எடை குறைந்தவர்களுக்கு வண்டி ஏற்கெனவே தேவைக்கு மேல் உயரமாக நின்றுகொண்டிருக்கலாம். சாலையில் ஓட்ட, முழு உடையோடு நீங்கள் உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் 30-லிருந்து 40 மில்லிமீட்டர் வரை வண்டி அமுங்க வேண்டும். அளப்பது எளிது. பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டு அச்சிலிருந்து நேர் மேலே ஏதாவது ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள், அப்புறம் நீங்கள் உட்கார்ந்ததும் இன்னொருவரை அதையே அளக்கச் சொல்லுங்கள், வித்தியாசம்தான் அந்த அமுக்கம். என் தங்கை உட்கார்ந்தபோது பின்னால் 18 மட்டுமே அமுங்கியது. முந்தைய சொந்தக்காரர் கனமான ஆள், பிரீலோடை ஏற்றி வைத்திருந்தார். சரியான இடத்துக்குக் கொண்டுவந்ததுமே 31 வந்தது. 13 மில்லிமீட்டர் நேர்மையாகக் கிடைத்தது, ஓட்டமும் மென்மையானது. பிரீலோடை முழுதாகத் தளர்த்தியும் 25 கூட அமுங்கவில்லை என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் கடினம் என்று அர்த்தம், மென்மையான ஸ்பிரிங் மாற்றுவது லிங்க் (ஷாக்குக்குக் கீழே இருக்கிற இணைப்புத் தட்டுகள்) மாற்றுவதைவிட நல்ல செலவு.

சரி, எவ்வளவு வரை இறக்கலாம்?

என் கணக்கில் 25 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் சமமாக. அதுவரை பெரும்பாலான பழைய 600, 750 சிசி வண்டிகள் குணம் மாறாமல் தாங்கும். 25-க்கும் 40-க்கும் நடுவே போனால் ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும். 50 வேண்டும் என்று கேட்பவர்களிடம் வேறு வண்டி பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் 2006 யமஹா ஆர்6 போல 850 மில்லிமீட்டர் சீட் உள்ள ஒன்றை வாங்கி 50 இறக்குவதைவிட, 800-க்குக் கீழே இருக்கிற ஒன்றைத் தேடி வாங்கி அதை அதன் இயல்பிலேயே ஓட்டுவது நல்லது.

பின்பக்கம் மட்டும் இறக்கினால் என்ன? லிங்க் மாற்றுவது மட்டும்தானே சுலபம்.

இந்தத் தப்பைத்தான் நான் செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், நினைக்கிற அளவு சீட் இறங்காது. சீட் பின் அச்சுக்கு மேலே இல்லை, இரண்டு அச்சுக்கும் நடுவே, கொஞ்சம் பின்தள்ளி இருக்கிறது. பின்னால் 25 இறக்கினால் நீங்கள் உட்காருகிற இடத்தில் கிடைப்பது 16 வாக்கில்தான்.

இரண்டாவது விஷயம்தான் ஆபத்து. இரண்டு அச்சுக்கும் நடுவே 1400 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கிற வண்டியின் பின்பக்கத்தை 25 இறக்கினால் முழு வண்டியும் ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. முன் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற குழாய்கள்) சாய்வு 24 டிகிரியாக இருந்தது 25 ஆகிவிடும். ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஹேண்டில் திரும்புகிற அச்சைக் கோடாக நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி ஒன்று, டயர் தரையைத் தொடும் புள்ளி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள், வண்டி திரும்புகிற குணத்தை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு. இந்த வகை வண்டியில் அது 95, 100 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் 6 வாக்கில் கூடிவிடுகிறது. ஹேண்டில் கனமாகும், வளைவில் வண்டி உள்ளே வர மறுக்கும், முன் டயரில் எடை குறையும்.

இதோடு இன்னொன்றும் சேரும். பொதுவாக ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைகிற கை) முன்னாலிருந்து பின்னோக்கிக் கீழே சரிந்து நிற்கும். அந்தச் சரிவு இருப்பதால்தான் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது செயின் இழுப்பு வண்டியின் பின்பக்கம் அமுங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. பின்பக்கத்தை இறக்கும்போது ஸ்விங் ஆர்ம் படுத்துவிடும், அந்தத் தாங்கல் குறையும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு வண்டி வெளிப்பக்கமாக விரியும்.

முதல் தடவை என் தங்கை வண்டிக்குக் கடையில் வாங்கிய லிங்க்கைப் போட்டுப் பின்பக்கத்தை மட்டும் 38 மில்லிமீட்டர் இறக்கினேன். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தாள், கால் நன்றாகப் பட்டது, இரண்டு பேருக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிறு போத்தாஸ் ஹில்லிலிருந்து இஞ்சாங்கா பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போனோம், நான் பின்னால் வந்தேன். ஓர் இடது வளைவில் அவள் வண்டி உள்ளே வராமல் நடுக்கோட்டைத் தாண்டியது. நாம் இடதுபுறம் போகிற நாடு, இடது வளைவில் விரிந்தால் போகிற இடம் எதிரே வருகிறவர்களின் பாதை. லாரி ஓட்டுநர் ஒதுங்கிக்கொண்டார். அவள் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணா, நான் திருப்பினேன், அது வரவில்லை" என்றாள். அவள் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. நான் வண்டியை மாற்றிவிட்டு அதன் முன்பக்கத்தை மறந்துவிட்டேன்.

அப்படியென்றால் முன்பக்கம் மட்டும் இறக்கலாமா?

அதுவும் கூடாது. இப்போது எல்லாம் தலைகீழாகும். ஃபோர்க் நிமிர்ந்துவிடும், டிரெயில் குறையும், வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் எம்4 கடற்கரைச் சாலையில் காற்றடிக்கும்போது ஹேண்டில் படபடக்கத் தொடங்கும். பந்தயத்தில் ஓட்டுபவர்கள் ஃபோர்க்கை 5 மில்லிமீட்டர் மேலே தள்ளி வேகமாகத் திரும்ப வைப்பார்கள். அவர்களுக்கே 5 போதும் என்றால் 25 எவ்வளவு என்று யோசியுங்கள்.

முன்பக்கத்தை எப்படி இறக்குவது?

ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் பிடித்திருக்கிற மேல், கீழ் கிளாம்ப்களைத் தளர்த்தி, குழாய்களை மேலே நகர்த்திப் பூட்டுவதுதான். ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் குழாயை 25 நகர்த்தினால் வண்டி நேர் கீழாக 23 வாக்கில் இறங்கும். பின்னால் 25 என்றால் முன்னால் 27 நகர்த்தினால் சமமாகும்.

முதலில் வண்டியின் முன்பக்க எடையை எதன் மேலாவது ஏற்றுங்கள். எடை முன்சக்கரத்தின் மேல் இருக்கும்போது கிளாம்ப்பைத் தளர்த்தினால் முன்பக்கம் தடாலென்று விழும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்துத் தூக்குகிற ஸ்டாண்டும் இதற்கு உதவாது, கீழ்க் கிளாம்ப்பின் நடுத்துளையில் தூக்குகிற ஸ்டாண்டு வேண்டும். சில வண்டிகளில் ஹேண்டில்கள் மேல் கிளாம்ப்புக்கு மேலே இருக்கும், அங்கே குழாய் மேலே வர இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் பிரச்சினை குறைவு, ஆனால் ஹேண்டில் போல்ட்டையும் தளர்த்த மறந்துவிடாதீர்கள்.

இரண்டு குழாயும் ஒரே அளவு மேலே வந்திருக்கிறதா என்று வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும், கண்ணால் பார்த்துப் போதும் என்று விடக்கூடாது. பூட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற ஸ்பேனர்) கட்டாயம், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு. கீழ்க் கிளாம்ப்பில் இரண்டு போல்ட் இருந்தால் மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஏனென்றால் ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். வேகத்தில் அதிகமாக இறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே அசைவு ஒட்டும்.

அடுத்து இடைவெளி. முன்சக்கரம் தூக்கியிருக்கும்போது, டயரும் மட்கார்டும் கீழ்க் கிளாம்ப், ரேடியேட்டர் இரண்டிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று ஃபோர்க் அமுங்குகிற திசையிலேயே அளங்கள். இந்த வகை வண்டிகளில் ஃபோர்க்கின் முழு அசைவு 120 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அந்த 120-ஐக் கழித்த பிறகும் குறைந்தது 10 மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு நாள் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது டயர் ரேடியேட்டரைத் தொடும். கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபடக் கூடாது, பிரேக் குழாய் மடியக் கூடாது, விரல் டேங்கில் நசுங்கக் கூடாது.

பின்பக்கத்துக்கு எந்த வழி நல்லது?

வண்டியைப் பொறுத்தது. சில சுஸுகி, கவாசாகி மாடல்களில் ஷாக்கின் மேல் மவுண்ட்டில் தடிமனான வாஷர் வைத்து உயரத்தை மாற்ற முடியும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதை எடுத்தாலே சில மில்லிமீட்டர் இறங்கும், அதைவிட நல்ல வழி கிடையாது. நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள நல்ல ஷாக் வாங்க முடிந்தால் அது அடுத்தது. பழைய வண்டியில் ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெய் எப்படியும் சோர்ந்து போயிருக்கும் என்பதால், ஷாக்கைச் சஸ்பென்ஷன் கடையில் பிரித்துச் சீர்செய்யும்போதே உள்ளே ஒரு ஸ்பேசர் வைத்துக் குட்டையாக்கித் தரச் சொல்லலாம். வீட்டில் இதைத் தொடாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் போவது லிங்க் வழி. ஷாக்குக்குக் கீழே நாய் கடிக்கிற எலும்பு வடிவில் இரண்டு தட்டுகள் இருக்கும், அவற்றை வேறு நீளத்தில் மாற்றுவது. அங்கே ஒரு மில்லிமீட்டர் மாறினால் சக்கரத்தில் இரண்டு மூன்று மடங்கு மாறும், சில வண்டிகளில் அதற்கும் மேல். பெரும்பாலான வண்டிகளில் நீளமான லிங்க் இறக்கும், சிலவற்றில் குட்டையானது இறக்கும். அதனால் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் என்று செய்ததையே வாங்குங்கள். சிபிஆர்600ஆர்ஆரில் ஷாக்கின் மேல்முனை சேஸில் இல்லை, ஸ்விங் ஆர்மிலேயே இருக்கிறது, யூனிட் புரோ-லிங்க் என்று ஹோண்டா பெயர் வைத்தது. அதனால் மேலே சொன்ன வாஷர் வித்தை இதில் நடக்காது.

லிங்க்கை நாமே இரும்புப் பட்டையில் வெட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். செய்கிறார்கள், ஓடுகிறது என்றும் சொல்வார்கள். ஒரு வண்டி என் கொட்டகைக்கு வந்தது. எங்கோ ஒரு பட்டறையில் பட்டையில் துளை போட்டு மாட்டியிருந்தார்கள், இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம், துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தது. அந்தத் தட்டுகள் உடைந்தால் வண்டியின் பின்பக்கம் டயர் மேலேயே உட்காரும். வண்டியின் முழுப் பின்பாரமும் பெருக்கப்பட்டு வந்து சேர்கிற இடம் அது.

லிங்க்கைக் கழற்றும்போது வண்டியை எப்படி நிறுத்துவது?

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் வண்டியைக் கீழே போடுகிறார்கள். சாதாரணப் பேடாக் ஸ்டாண்டு ஸ்விங் ஆர்மைத்தான் தாங்குகிறது. லிங்க் போல்ட்டை உருவினால் ஸ்விங் ஆர்ம் அங்கேயே இருக்கும், வண்டி கீழே வரும். எடை சேஸிலிருந்து தொங்க வேண்டும். நான் செய்வது, இரண்டு பக்கமும் விரிகிற கெட்டியான ஏணியை வண்டிக்கு மேலே நிறுத்தி, பின் சேஸிலிருந்து இரண்டு பட்டையை அதில் கட்டி, பின்சக்கரம் தரையை மெல்லத் தொடுகிற அளவுக்குத் தூக்குவது. முன் பிரேக்கை ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். சக்கரத்துக்கு அடியில் மரத்துண்டுகளை வைத்து ஏற்றி இறக்கினால் போல்ட் இறுக்கம் இல்லாமல் உருவிக்கொண்டு வரும்.

இருபது வருட வண்டி என்றால் அந்த போல்ட்டுகள் சும்மா வராது. அதுவும் புளஃப், அம்ஷ்லாங்கா பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் முந்தின நாளே துருநீக்கி அடித்து ஊற விடுங்கள். கழற்றியதும் லிங்க்கின் ஊசி பேரிங்குகளைப் பாருங்கள். நான் திறந்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் கிரீஸ் காய்ந்து, ஊசிகள் சிவந்து, சிலவற்றில் அசையவே இல்லை. அப்படியிருந்தால் எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை, சஸ்பென்ஷன் வேலையே செய்யாது. பேரிங்கை மாற்றி, நல்ல கிரீஸ் நிரப்பி, புது லாக் நட்டுகள் போட்டுப் பூட்டுங்கள். உண்மையில் உயரத்தை இறக்குவதைவிட இந்த ஒரு வேலையால் வண்டிக்குக் கிடைக்கும் நன்மை அதிகம்.

சைடு ஸ்டாண்டை என்ன செய்வது?

குட்டையாக்க வேண்டும், அன்றைக்கே, நாளைக்கு என்று விடாதீர்கள். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு அதே நீளம், அதனால் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், காற்றே வலது பக்கம் தள்ளிவிடும். நம் சாலைகள் நடுவே மேடாக, இடது ஓரம் தாழ்வாக இருப்பதால் இடது ஓரத்தில் நிறுத்தும்போது இந்தக் குறை தெரியாது. சமதரையிலும் இடது பக்கம் மேடான இடத்திலும்தான் காட்டிக்கொடுக்கும். தைப்பூசக் காவடிக்குக் கோவில் மைதானப் புல்லில் நிறுத்தினோம், திரும்பி வந்தபோது வலது பக்கம் விழுந்து கிடந்தது. பிரேக் லீவர் உடைந்தது, ஃபேரிங்கில் விரிசல். அவ்வளவு கூட்டத்தில் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றிருக்கவில்லை, அதுவே போதும் என்று இருந்தது.

இரும்பு ஸ்டாண்டு என்றால் நடுவில் வெட்டி, உள்ளே ஒரு துண்டு இரும்பைச் செருகி வெல்டிங் செய்யலாம். 25 இறக்கியிருந்தால் முதலில் 15 மட்டும் வெட்டி, தற்காலிகமாக ஒட்டி நிறுத்திப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடி வெட்டலாம், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வார்ப்பு அலுமினிய ஸ்டாண்டு என்றால் தெருமுனை வெல்டிங்கை நம்பாதீர்கள், நீளம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள்.

செயினை மறுபடி சரிசெய்ய வேண்டுமா?

பார்க்க வேண்டும். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். வண்டி இறங்கியபின் நின்ற நிலையிலேயே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அதனால் கையேட்டில் இருக்கும் தொய்வு அளவு இனி அப்படியே பொருந்தாது. பட்டையால் பின்பக்கத்தை அமுக்கி மூன்றையும் கோட்டுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் செயின் இன்னும் ஒரு விரல் தடிமனாவது ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் சரி. அப்புறம் ஸ்விங் ஆர்மின் மேல் உள்ள பிளாஸ்டிக் தேய்ப்புப் பட்டையையும் பாருங்கள், செயின் அதன் மேல் முன்பைவிட அதிகம் உரசும், தேய்ந்து போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஹெட்லைட்?

முன்னும் பின்னும் சமமாக இறக்கினால் பெரிதாக மாறாது. ஒரு டிகிரி பின்னால் சாய்ந்தால்கூட 10 மீட்டர் தூரத்தில் ஒளி 17 சென்டிமீட்டர் மேலே போகும். இங்கே பைக்குக்குப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், எதிரே வருபவரின் கண்ணில் நாள் முழுக்க அடிக்காதீர்கள். சுவரில் குறி வைத்து முன்பும் பின்பும் ஒப்பிட்டுச் சரிசெய்தால் முடிந்தது.

வேகத்தடையில் அடி தட்டுமா? பின்னால் ஆள் ஏற்றலாமா?

இந்த வண்டிகளுக்குத் தரையிலிருந்து இடைவெளி 130 மில்லிமீட்டர் வாக்கில்தான், அதில் 25 போனால் நிறையத்தான் போய்விட்டது. எங்கள் தெருக்களில் இருக்கிற வேகத்தடைகளைக் கொஞ்சம் சாய்வாக, மெதுவாக ஏறினால் தப்பிக்கலாம். எக்ஸாஸ்ட் என்ஜினுக்கு அடியில் போகிற வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். வளைவில் கால்மிதியும் முன்பைவிடச் சீக்கிரம் தரையைத் தொடும்.

ஆள் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. லிங்க் மாற்றினால் ஷாக்கின் அசைவு குறைவதில்லை, சக்கரம் மொத்தமாக மேலே நகர்கிறது. அதனால் முழுதாக அமுங்கும்போது டயர் முன்பு எட்டாத இடத்தை இப்போது எட்டும். சீட்டுக்கு அடியில் டயருக்கு மேலே உள்ள பிளாஸ்டிக்கில் களிமண் உருண்டையை ஒட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடையைத் தாண்டிவிட்டு வந்து பாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அந்த வண்டியில் இனி ஆள் ஏற்ற வேண்டாம். இதில் சமரசமே கிடையாது.

காப்பீடு, ரோட்வர்த்தி இதெல்லாம்?

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு சொல்வதைவிட நல்லது. வண்டி கைமாறும்போது ரோட்வர்த்தி சோதனைக்கு (சாலையில் ஓடத் தகுதியா என்று பார்ப்பது) போக வேண்டும், ஸ்டாண்டும் விளக்கும் பிரேக் குழாய்களும் ஒழுங்காக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில், சீலை ஒட்டி ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டுங்கள். ஓட்டிவிட்டு வந்தபின் அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று தெரியும். முதல் அரை மணி நேரம் தெரிந்த தெருக்களில் மெதுவாக ஓட்டுங்கள், மலைப்பாதை வேண்டாம். ஹேண்டில் தானாக உள்ளே விழுகிறதா, இல்லை தள்ளித் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே விழுந்தால் ஃபோர்க்கை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே விடுங்கள், திரும்ப மறுத்தால் அதே அளவு மேலே தள்ளுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

என் தங்கை வண்டி இப்போது முன்னும் பின்னும் 20 மட்டும் இறங்கியிருக்கிறது, மீதியை சீட்டும் பிரீலோடும் பார்த்துக்கொண்டன. அதே இஞ்சாங்கா வளைவுக்கு அவளே கேட்டுத்தான் மறுபடி போனோம். கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே, ஒரே வளைவாகப் போய் வெளியே வந்தாள்.

திரும்பப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும், கழற்றியதைத் தூக்கிப் போடாமல் இருந்தால். பழைய லிங்க், போல்ட்டுகள், வாஷர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் வைத்து மாடலை மேலே எழுதிவிடுங்கள். ஸ்டாண்டை வெட்டாமல் வேறு வாங்கினால் பழையதையும் சேர்த்து வையுங்கள். ஃபோர்க் முதலில் எவ்வளவு மேலே நின்றது, செயினில் எவ்வளவு தொய்வு, பிரீலோடு எந்தப் படியில் இருந்தது, இந்த மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே அளந்து, அழியாத மையால் சீட்டின் அடித்தட்டில் எழுதுங்கள். தாள் தொலைந்துவிடும், சீட் வண்டியோடு போகும், அடுத்து வாங்குகிறவரும் அதைத் திறந்து பார்ப்பார்.